டீச்சர் வண்டியின் மைலேஜ்

அக்டோபர் 3, திங்கள்

நாளை ஆயுத பூஜை. உடுமலையில் இன்று வண்டி கழுவாத ஆள் கிடையாது. கழுவப் போகிற வழியில் என் பட்டறைக்குள் தலையை நீட்டி, அப்படியே இதையும் பார்த்துவிடுங்கள் என்று சொல்லாத ஆளும் கிடையாது. காலையிலிருந்து ஒன்பது வண்டி. எந்த வண்டிக்கு என்ன செய்தேன் என்று மறக்காமல் இருக்கத்தான் இந்த டயரி. என் மனைவி ருக்மணி இதை வண்டிகளின் ஜாதகம் என்கிறாள்.

கடைசியாக வத்சலா டீச்சரின் வெள்ளைக் கார். டீச்சர் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். கண் வைத்தியத்துக்காக மாதம் இரண்டு முறை கோவை போய்வர வேண்டும். ஓட்டுவது சென்னியப்பன், பதினொரு வருடமாக அவர்தான். எஞ்சின் தலைமேல் மூடியிருக்கும் டேப்பட் கவரின் ஓரத்தில் ஆயில் கசிகிறது என்று கொண்டுவந்தார். டீச்சர் வண்டிக்கு மாலை வாங்கி வைத்துவிட்டாராம், பூஜைக்கு வண்டி வாசலில் நின்றே ஆக வேண்டுமாம்.

கவரைக் கழற்றித் துடைத்துப் புது பேக்கிங் வைத்தேன். மூலைகளில் கசிவு அடைக்கத் தடவும் பேஸ்டை எடுத்தால் ட்யூப் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. ஸ்பேர் கடைக்கு ஓடினேன். அவர்களும் பூஜைக்காகக் கடையைக் கழுவிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வீட்டு சிங்க் ஒழுகுகிறது என்று காலையில் வாங்கிய பேஸ்ட் என் பையில் இருந்தது. அதுவும் சிலிக்கான், இதுவும் சிலிக்கான். சுற்றிலும் தாராளமாகத் தடவி மூடினேன். காடி மாதிரி புளித்த வாசனை அடித்தது. கசிவு நின்றுவிட்டது.

சிங்க் ஒழுகுவது நிற்கவில்லை. ருக்மணி நச்சரிப்பதையும் நிறுத்தவில்லை.

அக்டோபர் 4, செவ்வாய்

ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியாயிற்று. இன்று எதையும் தொடக் கூடாது. பொரி தின்றேன், தூங்கினேன்.

அக்டோபர் 20, வியாழன்

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கே பிரேக் பார்த்தாக வேண்டும். நடுவில் டீச்சர் போன் செய்தார். அவர் பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரை நோட்டில் குறித்து வைப்பவர். பதினைந்து கொடுத்த வண்டி இப்போது பதினொன்றுதான் கொடுக்கிறதாம். ஏசி போட்டிருப்பார்கள், கூட்ட நெரிசல் என்று சொல்லி வைத்துவிட்டேன். கையெல்லாம் கிரீஸ், போனைக் காதில் வைக்கவே முடியவில்லை.

அக்டோபர் 27, வியாழன்

டீச்சர் காரோடு நேரிலேயே வந்துவிட்டார். சென்னியப்பனைக் கண் சொட்டு மருந்து வாங்க அனுப்பிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, கோளாறு வண்டியிலா என்று கேட்டார். கார் ஸ்டாண்டு மாரப்பனும் இன்னும் இரண்டு டிரைவர்களும் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். சாவியைத் திருப்பிப் பார்த்தேன். மீட்டரில் எஞ்சின் லைட் எரியவில்லை. இரண்டு முறை ஆக்சிலேட்டரை மிதித்தேன், சத்தம் சுத்தமாக இருந்தது. வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் பீரோவுக்குள் இருந்தது.

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங் டீச்சர்."

"அப்போ பெட்ரோல் எங்க போகுது?"

"அத வண்டியக் கேட்டா எப்புடிங்? ஓட்டறவரத்தான் கேக்கோணும்."

மாரப்பன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது ஊருக்கே தெரியும். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேலைக்காக வருகிறார்கள், மீதிப் பேர் பேச்சுக்காக.

நவம்பர் 1, செவ்வாய்

டீச்சர் சென்னியப்பனை நிறுத்திவிட்டாராம். மாரப்பன் வந்து சொன்னார். பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டார் என்று பேச்சு. "நீங்கதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

நான் என்ன சொன்னேன்? விளையாட்டாக ஒரு வார்த்தை. டீச்சர் எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவர். விளையாட்டுப் பேச்சு எது என்று அவருக்குத் தெரியாதா?

ஒரு வேனுக்கு ரேடியேட்டர் மாற்றினேன். பட்டறை ஷீட்டில் இரண்டு இடத்தில் மழை ஒழுகுகிறது.

நவம்பர் 4, வெள்ளி

சென்னியப்பன் வந்தார். வெளுத்த சட்டை, நெற்றியில் திருநீறு, எப்போதும் போலத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஸ்டாண்டில் அவருக்கு 'கேன்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். அவர் போய் நின்றால், கேன் வந்துவிட்டது, டேங்க்கைப் பூட்டுங்கள் என்கிறார்களாம். ஆக்டிங் டிரைவராகக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

"உங்க மேல வருத்தமில்லீங். வண்டிய ஒருக்கா மிசின் போட்டுப் பாத்துச் சொல்லிப்போடுங்க. கோளாறு இல்லீன்னா இல்லீன்னே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

டீச்சர் வண்டியைக் கொண்டுவந்தால் அவசியம் பார்க்கிறேன் என்றேன். சரிங் என்று சொல்லிவிட்டு நடந்தே போனார்.

டீச்சர் வீடு இங்கிருந்து மூன்றாவது தெரு. ஸ்கேனர் ஒரு செங்கல் கனம்கூட இருக்காது. இன்று வேலை அதிகம்.

நவம்பர் 5, சனி

வேலை அதிகம்.

நவம்பர் 10, வியாழன்

தென்னை நார் மில்லில் டெம்போ நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்து காகிதமாகிவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டைச் சுமையோடு ஒருவர் பக்கத்தில் போனார். சென்னியப்பன். ஐம்பத்தாறு வயசு. என்னைப் பார்த்ததும் தலைத் துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

நானும் பார்க்காத மாதிரி டெம்போவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

நவம்பர் 14, திங்கள்

டீச்சர் வண்டி வந்தது. கோவை ஏஜென்சி மூலம் வந்த புது டிரைவர் ஓட்டிவந்தார். எஞ்சின் லைட் எரிகிறது. சைலன்சர் வாயில் கரி. மைலேஜ் ஒன்பதுக்கு இறங்கிவிட்டதாம். ஊரில் ஒரு யோக்கியன்கூட இல்லையா என்று டீச்சர் கேட்டாராம். புது டிரைவர் பாவம், நான் அவரை நம்ப வேண்டும் என்று பெட்ரோல் பங்க் ரசீதுகளையெல்லாம் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதற்குள் நான் ஸ்கேனரை மாட்டிவிட்டேன். பீரோவிலிருந்து எடுத்து மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆக்சிஜன் சென்சார். சைலன்சர் குழாயில் உட்கார்ந்துகொண்டு புகையைப் பார்க்கிற சாமான் அது. சமையலில் உப்பு பார்க்கிற நாக்கு மாதிரி. பெட்ரோல் கூடினாலும் குறைந்தாலும் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும், கம்ப்யூட்டர் அளவைத் திருத்திக்கொள்ளும். நல்ல சென்சாரென்றால் ஸ்கேனர் திரையில் கோடு ஏறி ஏறி இறங்க வேண்டும். இது அடியிலேயே படுத்துக் கிடந்தது. அப்படிக் கிடந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரும் அதை நம்பி ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒயரில் குறையா என்று பார்த்தேன், இல்லை. குழாயில் ஓட்டை இருக்குமா என்று பார்த்தேன், இல்லை. நாக்கு செத்துக்கொண்டு வந்த இத்தனை நாளும் லைட் எரியவில்லை. முழுக்கச் செத்த பிறகுதான் எரிந்திருக்கிறது.

பெட்ரோல் எங்கே போகிறது என்று டீச்சர் கேட்டாரே, அங்கேதான் போயிருக்கிறது.

எஞ்சினைச் சூடாக்கிச் சென்சாரைக் கழற்றினேன். முனையில் கரி. கரியை விரலால் தேய்த்தேன். அடியில் வெள்ளையாக இருந்தது.

வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 15, செவ்வாய்

பங்க்கில் போட்ட பெட்ரோலில் ஏதாவது கலந்திருந்தாலும் வெள்ளை படியும்.

மேலே உள்ள வரியைக் காலையில் எழுதினேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு.

அக்டோபர் மூன்றாம் தேதியைத் திருப்பிப் படித்தேன். என் கையெழுத்துதான்.

எங்கள் தொழிலில் சென்சார் முனையின் நிறமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். பழுப்பு என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் சிலிக்கான். டேப்பட் கவருக்குள் தடவிய பேஸ்டின் ஆவியை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். அது புகையோடு போய் சென்சாரின் முனையில் கண்ணாடித் தூளாகப் படியும். வண்டிக்கென்று விற்கிற பேஸ்டில், சென்சாருக்குக் கெடுதல் இல்லாதது என்று ட்யூப் மேலேயே அச்சடித்திருப்பான். சிங்க்குக்கு விற்கிறவன் எதற்கு அச்சடிக்கப் போகிறான்?

இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பயிற்சி வகுப்பில் சொன்னார்கள், நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவசரம். மாலை வாங்கி வைத்துவிட்டார்கள். நாளைக்குக் கருவியைத் தொடக் கூடாது. அவசரம் என்பதை எத்தனை விதமாக எழுதினாலும் தடவியது என் கைதான். திருடன் என்று சொன்னதும் என் வாய்தான்.



நவம்பர் 16, புதன்

டேப்பட் கவரை மறுபடி கழற்றினேன். அந்தப் பேஸ்ட் உள்பக்கம் நூல் நூலாகப் பிதுங்கித் தொங்கியது. மரத் துண்டால் சுரண்டி, துணியால் துடைத்து, மறுபடி சுரண்டி, அதற்கே அரை நாள் போய்விட்டது. பழைய ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினேன். புது பேக்கிங், மூலையில் மட்டும் சரியான பேஸ்ட். புது சென்சார் மாட்டினேன். எல்லாம் என் செலவு. அதைப் பெருமையாக எழுத வரவில்லை.

தளி ரோட்டில் மலை தெரிகிற வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். திரையில் கோடு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. வண்டி பூப்போல ஓடியது. கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தேன். பிறகு மில் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது.

நவம்பர் 17, வியாழன்

வண்டியை டீச்சர் வீட்டுக்கு நானே கொண்டுபோய் விட்டேன். பழைய சென்சாரைத் துணியில் சுற்றி எடுத்துப்போய், இதுதான் கெட்டுப்போயிருந்தது, பெட்ரோலைக் குடித்தது வண்டிதான் என்று சொன்னேன். டீச்சர் அதைக் கையில் வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்படிக் கெட்டுப்போகும்?"

"தேஞ்சு போற சாமானுங் டீச்சர். எப்ப வேணாலும் போகுங்."

"அன்னிக்கு நான் வந்து கேட்டேனே, அப்பவும் கெட்டுத்தான் இருந்துதா?"

"இருந்திருக்குமுங்."

கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சென்னியப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். எனக்குப் பட்டறையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்றேன். ஆட்டோ பிடித்துத் தனியாகவே போனார்.

ஆள் யாரும் காத்திருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். வண்டிதான் குற்றவாளி என்று நிரூபித்தாயிற்று, சென்னியப்பனுக்கு வேலை கிடைத்துவிடும், இதற்கு மேல் என்ன?

நவம்பர் 20, ஞாயிறு

சென்னியப்பனும் அவர் மனைவியும் வீட்டுக்கு வந்தார்கள். பூவன் பழம் ஒரு தார். டீச்சர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டாராம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா ருக்மணி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தெருவில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூட ஒரு மாதிரி பார்த்தார்கள் என்று ருக்மணியிடம் சொல்லி அழுதார். சென்னியப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் கண்டுபிடிக்காமப் போயிருந்தா நான் சாகற வரைக்கும் திருடனுங். எங்கூட்டுச் சாமி மாதிரி நீங்க."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். தண்ணீர்ச் செம்பு அவர்கள் முன்னாலேயே இருந்தது.

போகும்போது ஒரே ஒரு உதவி கேட்டார். டீச்சர் கூப்பிட்டது ஸ்டாண்டில் யாருக்கும் போதவில்லையாம். பாவம் பார்த்து மறுபடி சேர்த்துக்கொண்டார் என்கிறார்களாம். நான் ஒரு தடவை ஸ்டாண்டுக்கு வந்து மெஷின் கோளாறு என்று என் வாயால் சொன்னால் எல்லோரும் நம்புவார்களாம். மெக்கானிக் திருமூர்த்தி சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 21, திங்கள்

பழத்தாரைக் கொல்லையில் தொங்கவிட்டிருக்கிறோம். நான் ஒன்றுகூடப் பிய்க்கவில்லை. ருக்மணி கவனித்துவிட்டாள். இருபத்தெட்டு வருடம் கூடவே இருக்கிறவளிடம் எதை ஒளிப்பது. எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்டாள்.

"ஸ்டாண்டுல போயி என்னன்னு சொல்லுவீங்க?"

சென்சார் தேய்ந்துவிட்டது என்று சொல்லுவேன் என்றேன்.

"அதச் சொன்னா இன்னொருக்கா கும்புடுவாரு. அதையும் வாங்கிக்குவீங்களா?"

நவம்பர் 22, செவ்வாய்

காலையில் ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். மாரப்பன் இருந்தார். டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு சென்னியப்பனும் வந்து நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு பாதியைச் சொல்லிப் பாதியை மறைக்க முடியவில்லை. பூஜைக்கு முந்தின நாள் ட்யூப் காய்ந்தது, ஸ்பேர் கடை மூடியது, சிங்க் பேஸ்டைத் தடவியது, அது சென்சாரைக் கொன்றது, எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கேட்ட அன்றைக்கு ஸ்கேனரை எடுக்கச் சோம்பல்பட்டு ஜோக் அடித்ததைச் சொன்னேன். சென்னியப்பன் வந்து கெஞ்சிய பிறகும் மூன்று தெரு நடக்காமல் இருந்ததைச் சொன்னேன். மில்லில் பார்த்தும் பார்க்காத மாதிரி படுத்துக்கொண்டதையும் சொன்னேன்.

"அவரு ஒரு சொட்டுப் பெட்ரோல் எடுக்கலீங். கெடுத்தது நான். பழி போட்டதும் நான்."

யாரும் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அந்த ஸ்டாண்டில் யாரும் சிரிக்காதது இதுதான் முதல் தடவை. மாரப்பன் தன் கார் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் அதற்கும் டேப்பட் கவர் பேக்கிங் மாற்றியது நான்தான். "என்ர வண்டிக்கு என்ன பேஸ்டுங்க போட்டீங்க?" என்று கேட்டார். வண்டிப் பேஸ்டுதான் என்றேன். சத்தியமாக அதுதான். ஆனால் அவர் முகம் மாறவில்லை.

சென்னியப்பன் முகத்திலிருந்து சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். டீச்சருக்கு நேரமாகிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நவம்பர் 23, புதன்

டீச்சரிடமும் போய்ச் சொன்னேன். "நான் கேட்டதுக்கு நீங்க ஜோக் சொன்னீங்க திருமூர்த்தி. பதினொரு வருஷப் பழக்கத்தை விட்டுட்டு நான் அந்த ஜோக்கை நம்பினேன். உங்க பங்கை நீங்க சொல்லிட்டீங்க. என் பங்கு என்கிட்டயே இருக்கு" என்றார். காபி கொடுத்தார். குடித்தேன்.

நவம்பர் 24, வியாழன்

ஒரு வண்டியும் வரவில்லை.

நவம்பர் 26, சனி

ஒரு ஸ்கூட்டர். பஞ்சர் ஒட்டுகிற கடை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 29, செவ்வாய்

மாரப்பன் வண்டி பழனி ரோட்டுப் பட்டறையில் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பட்டறை ஷீட்டுக்குத் தார் அடித்தேன், ஒழுகல் நின்றது.

டிசம்பர் 3, சனி

காலை பத்து மணிக்கு டீச்சர் வண்டி உள்ளே வந்தது. சென்னியப்பன் இறங்கினார். ஆயில் ஃபில்டர் மாற்ற வேண்டும் என்றார். பெட்ரோல் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டேன். பதினைந்தரை என்றார்.

வழக்கமாக அவர் இங்கே வந்தால் சாவியை என் மேஜைமேல் போட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போய் டீ சொல்லிப் பேப்பர் படிப்பார். நான் கைதட்டிக் கூப்பிட்ட பிறகுதான் வருவார். இத்தனை வருடத்தில் நான் வேலை செய்வதை ஒரு நாளும் அவர் பார்த்ததில்லை. இன்றைக்கு அவர் டீக்குப் போகவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பானட் பக்கத்தில் நின்றார்.

உட்காருங்கள் என்று ஸ்டூலை நகர்த்தினேன்.

"இல்லீங், நிக்கறேன். தப்பா நெனைக்காதீங்."

"நில்லுங்க" என்றேன்.

பழைய ஃபில்டரைக் கழற்றினேன். புதியதன் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் கையில் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். அப்புறம்தான் மாட்டினேன்.